ஈயத்தில் மூன்று வரி

வியாழன் இரவு பத்தரைக்குத்
தொப்பி சொட்டச் சொட்ட வருவார் ஒலெகாரியோ பிஞெய்ரோ.
படம் முடிந்த கையோடு
ஜூலை பதினெட்டு வீதியை நடந்தே கடந்து
மாடியேறும்போதே முதல் வாக்கியம் தயாராகியிருக்கும்.
அது எத்தனை கொடூரமென்று
மூச்சிரைப்பிலேயே தெரிந்துவிடும்.

மொந்தெவிதேயோவில் அப்போது
எங்களுடையது நான்காவது நாளிதழ்.
(மூன்றாவது என்பார் முதலாளி.)
அதில் ஏழாம் பக்கம்.
குதிரைப் பந்தயத்துக்கும் இரங்கல் அறிவிப்புக்கும் நடுவே
அவருக்கு இருபத்திரண்டு வரி.
இருபத்து மூன்றாவதுக்கு இடமில்லை என்பதைப்
பதினோரு வருடம் அவர் நம்பவே இல்லை.

நான் பக்கம் கட்டுகிறவன்.
ஈய எழுத்தைத் தலைகீழாய்ப் படித்துப் பழகிய கண்.
உலகத்துப் படங்களையெல்லாம்
அவர் திட்டித்தான் எனக்குத் தெரியும்.
என் வேலை முடியும் நேரத்தில்
எந்தத் தியேட்டர் திறந்திருக்கும்?

உப்பு மூட்டை சுமக்கும் இத்தாலியப் பெண்ணின் படம்:
"மழை நன்றாக நடித்திருக்கிறது.
மற்றவர்களுக்கு ஒத்திகை போதவில்லை."

மூன்று மணி நேர அமெரிக்கக் குதிரைப் படம்:
"குதிரைகளுக்குத் திரும்பிப் போக ஒரு லாயம் இருந்தது.
எனக்கும் வீடு இருக்கிறது."

ஜப்பானியக் கிணற்றுப் படத்தில் தூங்கிவிட்டார்.
அதையும் எழுதினார்:
"விழித்தபோது அதே மனிதர்
அதே கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
எங்களில் யார் விழித்திருந்தோம்
என்று சொல்லத் தெரியவில்லை."
பாராட்டு என்றே நான் நினைத்தேன்.
விநியோகஸ்தர் ஒரு மாதம் விளம்பரம் தரவில்லை.

சறுக்கலும் உண்டு.
ஒரு புதுமுகத்தைப் பீங்கான் குவளை என்றார்.
அவள் அதற்குப் பிறகு
முப்பது வருடம் உடையவில்லை.

ஐம்பத்து நான்கு, ஆகஸ்ட்.
பம்பேரோ காற்றில் டிராம் கம்பிகள் ஊளையிட்ட இரவு.
கலங்கரை விளக்கக்காரனின் மனைவியைப் பற்றிய
சுவீடன் படம்.
கொண்டுவந்தது இருபத்திரண்டே வரி, அதிசயமாய்.
கோத்தும் முடித்தாயிற்று.
பதினொன்றே முக்காலுக்கு
ஒரு செனட்டரின் மாமியார் இறந்துபோனார்.

அடியிலிருந்து வெட்டு. அதுதான் சட்டம்.
இன்னும் சூடு ஆறாத மூன்று வரியை
விரலால் நெம்பி எடுத்து
உருக்கும் சட்டியில் போட்டேன்.
விடிந்தால் அது மாட்டிறைச்சி விலை.

முப்பத்து மூன்று வருடம் கழித்து
பழைய படச் சங்கத்தில் அதைப் போட்டார்கள்.
இப்போது அது காவியம்.
திரை விலகுமுன் ஒரு தாடிக்கார இளைஞன்
மஞ்சளித்த தாளிலிருந்து வாசித்தான்:
"நம் ஊரில் பனி விழுவதில்லை.
இந்தப் படத்துக்குப் பிறகு
அது ஒரு குறையாகத் தோன்றவில்லை."
அரங்கமே சிரித்தது.
நான்காம் வரிசை ஓரத்தில் பிஞெய்ரோவும்,
கைத்தடி குலுங்கச் சிரித்தார்.

அன்றுதான் நான் அந்தப் படத்தைப் பார்த்தேன்.
பாதிக்கு மேல்
அந்தக் கதவு வந்தது.

படிக்கட்டில் பிடித்து நிறுத்திச் சொன்னேன்:
மூன்று வரி. எடுத்தது நான்தான்.
"என்ன எழுதியிருந்தேன்?"
நிஜமாகவே நினைவில்லை அவருக்கு.
தலைகீழாய்ப் படித்தது எதுவும்
எனக்கு மறப்பதில்லை. ஒப்பித்தேன்:

"ஆனால் அந்தக் கதவு. அவள் தட்டாமல் நிற்கிற
அந்த நீண்ட, நனைந்த, மன்னிக்க முடியாத நிமிடத்துக்காக
நாளையும் போவேன், சொந்தக் காசில்."

இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.
கண்ணை மூடிக் கேட்டார்.
"நீண்ட, நனைந்த. இரண்டில் ஒன்று போதும்.
வெட்டியது சரி."

பேருந்து வந்துவிட்டது.
போனீர்களா மறுநாள், என்று கத்தினேன்.
ஜன்னலில் நான்கு விரல் தெரிந்தது.
எண்ணிக்கையா, கையசைப்பா,
கண்ணாடி முழுக்க ஆவி.